செம்பின் ருசி

கலாமாவில் மழை பெய்வதில்லை.
சன்னல் விளிம்பைத் தினமும் துடைக்கிறேன்,
தினமும் வந்து உட்கார்கிறது
செம்புச் சுரங்கத்தின் மாவு.

அன்று மூன்றாவது ஆள் ஹசிந்தோ சைரே.
முப்பத்து நான்கு வருடம் பாறையைத் துளைத்தவர்.
அவர் நெஞ்சுக்குள் நாங்கள்
ஒரு கறுப்புக் குழாயை இறக்கவிருந்தோம்,
நுனியில் விளக்கோடு.
"கடைசியில் என்னையே தோண்டுகிறீர்களா, யாஸ்னா?"
சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

வாயைத் திறக்கச் சொன்னேன்.
ஒரு பீச்சலுக்குப் பத்து மில்லிகிராம்.
மரத்துப்போகும் மருந்துக்கு
யார் வைத்தார்களோ வாழைப்பழ வாசனை.
நாக்கின் வேரில் இரண்டு,
உள்நாக்கில் மூன்று,
இருபுறமும் மிச்சம்.
தாளில் பத்துக் கோடுகள். என் கையெழுத்து.

விதிப்படி சொன்னேன்:
வாயில் உலோக ருசி தட்டினால்,
காது இரைந்தால்,
உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தால்
கையைத் தூக்குங்கள்.
தலையாட்டினார்.

டாக்டர் போர்க்கஸ் உள்ளே போனார்.
குரல்நாண்மேல் கொஞ்சம்.
மூச்சுக்குழல் பிரியும் கவட்டில் கொஞ்சம்.
இருமும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம்.
அது அவருடைய கணக்கு.
விடியுமுன் வார்டில் யாரோ
முகமூடி வைத்து ஆவியாய்க் கொடுத்தது
வேறொரு தாளில், வேறொரு பேனாவில்.
மூன்று கைகள்.
கூட்டிப் பார்க்கும் கை அறையில் இல்லை.

மேலே தடவியது மேலேயே நிற்கும் என்று
எங்களில் யாரும் சொன்னதில்லை;
நம்பிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.
ஈரமான சதை எதையும் வீணாக்காது,
ரத்தத்தில் வரவு வைத்துவிடும்.
அவர் ஈரலோ
வெள்ளிக்கிழமை இரவுகளின் பழைய கடனில்
கோப்புகளை மெதுவாகத் தள்ளும் குமாஸ்தா.

கை எழவில்லை.
திரையில் முதலில் பார்த்தது நான்.
கூர்முனைகள் அகன்று, தடித்து,
தேய்ந்த குன்றுகளாயின.
ஐம்பத்திரண்டு.
முப்பத்தொன்று.
பிறகு பாலைவனம்.

தொண்டையை மட்டும்தான் தூங்கச் சொன்னோம்.
சொன்ன சொல்
இதயம்வரை போயிருந்தது.

முக்காலியில் ஏறி அழுத்தினேன்.
ஒரு விலா முறிந்ததை
உள்ளங்கைதான் முதலில் கேட்டது.
கொழுப்புக் கரைசல் வந்தது.
அலமாரியில் பார்த்திருக்கிறேன், தூசி தட்டி
காலாவதித் தேதி சரிபார்த்திருக்கிறேன்.
இப்போது ஒருவர் கைக்குள்
பால்போல் இறங்கிக்கொண்டிருந்தது.
நஞ்சைத் தன்னோடு ஒட்டவைத்து
இழுத்துப் போகுமாம். படித்ததுண்டு.
பதினொரு நிமிடம் என்றது சுவர்க்கடிகாரம்.
என் தோள் அதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒரு முனை.
யாரும் மூச்சு விடவில்லை.
இன்னொன்று.

மூன்றாம் நாள் கட்டிலருகே போய்க் கேட்டேன்:
ஏன் கையைத் தூக்கவில்லை?
விலாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.
"உலோக ருசி என்றாய். பெண்ணே,
என் ரொட்டிக்கே அந்த ருசிதான்.
காது இரைவது, துளைக்கும் எந்திரம்
எனக்குக் கொடுத்த ஓய்வூதியம்.
உதட்டில் எறும்பா?
பதினான்கு வயதிலிருந்து கோக்கா இலை மெல்லுகிறேன்,
அந்த எறும்புகளுக்கு என்னைப் பேர் சொல்லித் தெரியும்.
புதிதாக ஏதாவது வரும் என்று
காத்துக்கொண்டிருந்தேன்."

இப்போது தாள் ஒன்றுதான்.
மூன்று கையும் அதில்தான் எழுதவேண்டும்;
போர்க்கஸ் முணுமுணுத்தபடி எழுதுகிறார்.
நான் கேள்வியையும் மாற்றிவிட்டேன்:
சாதாரண நாளில் உங்கள் வாயில் என்ன ருசி?
சிலர் விழிக்கிறார்கள்.
நேற்று ஒரு வெல்டர்,
உருக்காலைக்காரர், புருவம் கருகியவர்,
நெடுநேரம் நாக்கைத் துழாவிவிட்டு
"தெரியவில்லை, யாரும் கேட்டதில்லையே" என்றார்.

அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.
வாயைத் திறக்கச் சொன்னேன்.
ஒன்று.